வெள்ளிக்கிழமைக் கருவாடு

வோபர்னில் நான் குடியிருந்த பேஸ்மென்டின் குசினிக்கு மேலே, தரையில் குதிக்காலால் டொம் டொம் என்று மிதிக்கும் சத்தம் கேட்டால், படியில் சாப்பாடு வந்திருக்கிறது என்று அர்த்தம். ஓடிப்போய்க் கதவைத் திறப்பேன். மேல்படியில் ஐஸ்கிறீம் வாளி ஒன்று இருக்கும். மூடியில் ஸ்ட்ரோபெரிப் படம், உள்ளே கத்தரிக்காய்ப் பால்கறி. வீட்டுக்கார அன்ரி முழங்கால் நோகுதென்று படியிறங்கமாட்டார். ஆனால் அவர் மிதிக்கிற மிதியில் என் சீலிங் அதிரும்.

அப்போது கனடாவுக்கு வந்த புதிது. பக்டரிச் சம்பளத்தில் பாதி ஊருக்குப் போகும், மீதியில் வாடகை போக மிஞ்சுவதுதான் வயிற்றுக்கு. மலிவு விலைத் தாள்களைப் பார்த்துக் கோழிக்கால் வாங்குவேன். கடையில் ஒதுக்கி வைத்த, தோல் கறுத்த வாழைப்பழமும் வதங்கின முட்டைக்கோவாவும் எனக்காகவே காத்திருப்பவை. ஆனால் உண்மையில் என்னைக் காப்பாற்றியது தமிழ்க்கடைக் கருவாடுதான். ஒரு சின்னத் துண்டைப் பொரித்து வைத்தால் போதும், ஒரு தட்டுச் சோறு தானாக இறங்கிவிடும். அந்த ருசிக்கு ஈடாக இன்றுவரை ஒன்றையும் நான் சாப்பிட்டதில்லை, சத்தியமாக.

வந்த வருடத்துத் தவக்காலத்தில்தான் பிழை நடந்தது. நான் மன்னார்க் கத்தோலிக்கன். வெள்ளிக்கிழமை இறைச்சி தொடக்கூடாது என்று வளர்ந்தவன், ஆகவே பக்தியோடு கருவாடு பொரித்தேன். மேலே அன்ரிக்கோ வெள்ளி விரதம், மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. வீடு முழுவதற்கும் ஒரே ஹீற்றர், ஒரே குழாய். நான் பொரித்த மணம் வென்ட் வழியாக ஏறி நேரே அவருடைய சாமியறைக்குள் போய்விட்டது. அன்றுதான் முதல் தடவையாக டொம் டொம் என்று கேட்டது. வீட்டை விட்டுக் கிளப்பப்போகிறார் என்றே நினைத்தேன்.

கதவைத் திறந்தால் மேல்படியில் கையில் வாளியோடு நிற்கிறார்.

"தம்பி, வெள்ளியில நீர் இறைச்சி தின்னமாட்டீர், நான் மீன் தின்னமாட்டன். ரண்டு பேருக்கும் மரக்கறிதானே சரி? இனி வெள்ளிக்கு நீர் அடுப்பு மூட்டாதையும், நான் தாறன். மற்ற நாளில உம்மட விருப்பத்துக்குப் பொரியும். மணத்துக்கு நான் வாடகை கூட்டமாட்டன்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருந்த காலம் முழுவதும் வெள்ளிக்கிழமைகளில் வாளி வந்தது. மற்ற நாட்களில் என் கருவாட்டு மணம் அவருடைய சீலைகளில் ஏறியிருக்கும், கோயிலுக்கும் அதோடுதான் போயிருப்பார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

இப்போது யூனியன்வில்லில் எனக்குச் சொந்த வீடு. பேஸ்மென்டில் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்த பிள்ளை ஒருத்தி வாடகைக்கு இருக்கிறாள். அவள் வந்த கிழமையே வென்ட்டால் கருவாட்டு மணம் வந்தது. எனக்கு வாயூறியிருக்க வேண்டும். மாறாக, நாளைக்குப் போட வேண்டிய கோட் கதவருகே தொங்குகிறதே என்று பதறினேன். நான் வேலைசெய்யும் கந்தோரில் அது மணந்தால் என்ன நினைப்பார்கள்? என் கால் தானாகவே தரையை ஓங்கி மிதித்தது. கீழே தாச்சிச் சட்டியில் பொரிகிற சத்தம் நின்றது. பிறகு போய், "பிள்ளை, இஞ்ச மீன், கருவாடு ஒண்டும் பொரிக்கக்கூடாது, மேல வருது" என்றும் சொன்னேன். "ஓம் அங்கிள், சொறி" என்றாள். அதன் பிறகும் ஏதாவது மணம் வந்தால் மிதித்தேன். எவ்வளவு வசதியான பழக்கம், படியிறங்கவே தேவையில்லை!

போன மாதம் அன்ரி மோசம் போனார். செத்தவீட்டில் அழுதேன், அவருடைய கையால் சாப்பிட்டவன் என்று எல்லோருக்கும் பெருமையாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து மறுசுழற்சிக் குப்பைக்கான நீலப் பெட்டியைத் தெருவுக்கு இழுத்தபோது மூடி திறந்துகொண்டது. உள்ளே அந்தப் பிள்ளையின் குப்பை. நூடில்ஸ் பெட்டி, நூடில்ஸ் பெட்டி, முட்டை மட்டை, மறுபடியும் நூடில்ஸ் பெட்டி. குளிரில் அப்படியே நின்றேன். அவள் வாயில் இருந்த கருவாட்டைப் பறித்தவன் நான், அதுவும் கருவாட்டால் உயிர் வாழ்ந்த நான்.

அடுத்த வெள்ளிக்கிழமை சமைத்தேன். பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும். கறி கொஞ்சம் தண்ணிப்பதம்தான், அன்ரியின் கை எனக்கு வராது. ஐஸ்கிறீம் வாளி ஒன்றைக் கழுவி, அதில் ஊற்றி மேல்படியில் வைத்தேன். 'இனி உமக்கு விருப்பமானதைப் பொரியும் பிள்ளை' என்று சொல்ல வேண்டும். மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பிறகு, அன்ரியை நினைத்துக்கொண்டு, குதிக்காலால் தரையில் மிதித்தேன். டொம் டொம்.

கீழே தாச்சிச் சத்தம் சட்டென்று நின்றது. அடுப்பு அணைகிற கிளிக், பிறகு படியடிக் கதவை நோக்கி ஓட்டம். கதவு திறந்தது. கையில் அகப்பை, முகத்தில் பயம். வாளியை அவள் பார்க்கவேயில்லை.

"சொறி அங்கிள், கருவாடு இல்லை. முட்டைதான் பொரிக்கிறன். இப்ப நிப்பாட்டிட்டன்."