சீண்டாமல் கடித்த நாய்

எங்கள் ஆஸ்பத்திரியில் நாய்க்கடிக்கு ஊசி போடுகிறவள் நான். பக்கத்து மேஜையில் படிவம் எழுதுகிறவளைச் சீட்டக்கா என்போம். பதினெட்டு வருடமாக அவளுக்கு ஒரே கேள்வி: "நீங்க அதை என்ன பண்ணீங்க?"

படிவத்தில் 'அன்ப்ரவோக்ட்' என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டம் உண்டு. வாலை மிதித்தோ குட்டியைத் தூக்கியோ கடி வாங்கியிருந்தால் கட்டம் காலி. நாய் வீட்டிலேயே இருக்கலாம். தன்பாட்டுக்கு நின்றவர் மேல் வலிய வந்து பாய்ந்திருந்தால் டிக். வெறியாக இருக்குமோ என்று அன்றைக்கே வண்டி போய் நாயைப் பிடித்து வரும். அக்காவுக்கு அந்தச் சொல் மேல் தனிப் பிரியம். கணவர் சும்மா எரிந்து விழுந்தால், "இது அன்ப்ரவோக்ட்" என்று காற்றில் டிக் போடுவாளாம். காபி ஆறிப்போனதற்குக் கத்தினால் அது கணக்கில் சேராதாம்.

நாய் வளர்ப்பவர்கள் அதற்கு வக்காலத்து வாங்காமல் இருக்க மாட்டார்கள். தப்பெல்லாம் தங்கள் மேல்தான் என்பார்கள். அக்கா துருவித் துருவி உண்மையைக் கறந்துவிடுவாள். வரிசை நீளுகிறதே என்று எனக்கே எரிச்சல் வரும்.

அன்று காலை வந்தது அவள் தம்பி. நாயின் தட்டை இழுத்தேன், கடித்துவிட்டது என்றான். அக்கா துருவவில்லை. சாப்பிடும்போது அதுகிட்ட உனக்கென்ன வேலை என்று தலையில் குட்டியதோடு சரி. நான் புண்ணைக் கழுவி, காயம் இருந்த இடத்தைப் படிவத்தில் குறித்து, ஊசி போட்டு அனுப்பினேன். கட்டம் காலியாகவே இருந்தது.

மதியம் படிவங்களை அடுக்கும்போது அக்கா என் கையெழுத்தைப் படித்தாள். கெண்டைக்கால், பின்பக்கம். தட்டை இழுத்தவனைக் கையில் அல்லவா கடிக்கும்? எழுதும்போது எனக்கு உறைக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு அவனைக் கூப்பிட்டாள். இழுத்து இழுத்துப் பேசியவன் கடைசியில் ஒப்புக்கொண்டான்.

"சும்மாதான்க்கா நின்னேன். பின்னாடி வந்து கடிச்சிடுச்சு. சொன்னா பிடிச்சிட்டுப் போயிடுவாங்க. பாப்பா தாங்க மாட்டா."

"இப்ப எங்க அது?"

"மாடியில. பாப்பாகூட விளையாடிட்டு இருக்கு."

"ஓடு. முதல்ல பாப்பாவைத் தூக்கு."

போனைப் பிடித்தபடியே ஓடினான். படிகளில் செருப்புச் சத்தம் கேட்டது. பாப்பா, பாப்பா என்று இரண்டு முறை கத்தினான். கதவு திறந்தது. மூன்றாவது முறை அவன் கத்தவில்லை.

"பாப்பா, அசையாத. அப்படியே நில்லும்மா. அப்பா மெதுவா வர்றேன்."