உனக்கு எப்படி உறக்கம் வருது?

இலஞ்சி பார்வதியம்மாளுக்கு உறக்கம் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. ஒரே ஒரு கேள்விதான் அதைக் கொண்டுபோனது.

இடுப்புக்குக் கீழே விளங்காத தம்பி மணிமுத்துவை, அம்மா இருந்தவரை அவளும் பார்வதியுமாகத் தூக்கிக் குளிப்பாட்டினார்கள். அம்மா போனபின் பார்வதிக்கு முதுகு விட்டுப்போனது. ஆய்க்குடிப் பக்கம் ஒரு காப்பகத்தில் அவனைச் சேர்த்தாள். அடுத்து வந்த கல்யாண வீட்டில், அக்கா உலகம்மை எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்.

“ஏட்டி, அவனை அங்கன தள்ளிட்டு உனக்கு எப்படி உறக்கம் வருது?”

தம்பியை ஒரு நாள்கூடத் தூக்கிப் பார்த்திராத மகராசி கேட்ட கேள்வி அது! மணிமுத்து காப்பகத்தில் நன்றாகத்தான் உறங்குகிறான், போனில் அவனே சொல்கிறான். இவளுக்குத்தான் கண் மூடுவதில்லை.

தென்காசியில் உறக்கத்துக்கு ஆலோசனை சொல்லும் ஷெர்லினிடம் போனாள். ஷெர்லின் சில வாக்கியங்களை வாசித்து, ஒவ்வொன்றையும் எவ்வளவு நம்புகிறாள் என்று பத்துக்கு மார்க் போடச் சொன்னாள். உறங்காவிட்டால் உடம்பு கெடும், மறுநாள் வேலை ஓடாது என்று எதை வாசித்தாலும் பார்வதி பூஜ்யம்தான் போட்டாள்.

“உறக்கம் வராட்டி உங்களுக்குப் பயமே இல்லையாம்மா?”

“உறங்கிட்டாத்தான் பயம். நான் நிம்மதியா உறங்கினா, அக்கா கேட்டது சரின்னு ஆயிரும்லா?”

ஷெர்லின் அதையே எழுதி வாசித்தாள்: ‘நான் உறங்கினால் நான் கல்நெஞ்சக்காரி.’ பார்வதி யோசிக்கவே இல்லை, பத்து என்றாள்.

“கேட்டவங்ககிட்டயே ஒருவாட்டி பேசிப் பாருங்களேன்.”

குற்றாலத்தில் அக்கா வீட்டுக்குப் போனாள். மத்தியானச் சாப்பாடு முடித்த உலகம்மை குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். எழுப்பி, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள்.

“நான் அப்படியா கேட்டேன்? எனக்கு ஞாபகமே இல்லட்டி,” என்று கொட்டாவி விட்டாள் அக்கா. “ஐந்தருவியில தண்ணி நல்லா விழுதாம். தலையைக் காட்டிட்டுப் போ, தன்னால உறக்கம் வரும்.”

பார்வதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய் பஸ் ஏறிவிட்டாள்.

அடுத்த முறை ஷெர்லின் அதே வாக்கியத்தை வாசித்து, இப்போது எத்தனை என்று ஆசையோடு கேட்டாள்.

“பத்துதாம்மா. என்னைக்காவது அக்கா சொன்னதை வாபஸ் வாங்குவான்னு இருந்தேன். சொன்னவளே மறந்துட்டா. இனி யாரு வாங்குவா?”