தோல் துண்டை எறிந்து கூப்பிட்டார்கள்

1. முதல் நாள்

பல்லாவரத்தில் நான் வயர்மேனாக வேலை பார்த்த தோல் ஃபாக்டரி இப்போது இல்லை. மூடிவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை.

அறுபதுகளின் கடைசியில் சேர்ந்தேன். வீடு தாம்பரம். எலெக்ட்ரிக் ரயிலில் போய் வருவேன். முதல் நாள் மேஸ்திரி துலுக்காணம் என்னை ஷேவிங் ஷெட்டுக்குக் கூட்டிப் போனார். ஷேவிங் மிஷின் என்றால் ஈரத் தோலின் உள்பக்கத்தைச் சீவிக் கனத்தைச் சமமாக்குகிற மிஷின். கத்தி பதித்த ரோலர் சுழன்றுகொண்டே இருக்கும். ஆள் தன் கையால் தோலை அதற்குக் கொடுக்க வேண்டும். அந்த ஷெட்டில் அப்படி நாலு மிஷின். நாலுக்கும் சேர்த்து ஒரே மோட்டார், மேலே நாலையும் சுற்றவைக்கிற ஒரே இரும்புத் தண்டு, ஷாஃப்ட். ஒவ்வொரு மிஷினுக்கும் தனி ஸ்விட்ச் கிடையாது. மோட்டார் ஓடினால் நாலும் ஓடும்.

ஜன்னலைப் பார்த்த கடைசி மிஷினில் ஒருவர், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார்.

“அவர் பேரு என்ன மேஸ்திரி?”

“செவிடன்.”

“பேரு கேட்டேன்.”

“பேரு இன்னாத்துக்குபா? கூப்ட்டா காதுல வுயவா போவுது?”

துலுக்காணம் குனிந்து தரையிலிருந்து ஒரு ஈரத் தோல் துண்டை எடுத்து எறிந்தார். அது அந்த மனிதரின் பிடரியில் போய் ஒட்டியது. அவர் திரும்பினார்.

“பாத்தியா? இதான் அவன் பேரு. உனுக்கு எதுனா வோணும்னா நீயும் இப்டியே கூப்டுக்கோ.”

பக்கத்து மிஷின் கன்னியப்பன் சிரித்தான். அந்த மனிதர் பிடரியைத் துடைத்துக்கொண்டு, என்ன என்பதுபோல் தலையை ஆட்டினார். யாரும் எதுவும் சொல்லவில்லை. கூப்பிட்டதற்குக் காரணமே இல்லையே, என்ன சொல்வார்கள்?

மத்தியானம் அவருடைய சாப்பாட்டுத் தூக்கில் ஆணியால் கீறியிருந்த எழுத்தைப் பார்த்துத்தான் பெயர் தெரிந்தது. சூசை.

2. எதிரில் வந்து நில்

சூசை என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பேச்சும் வராது. மிஷின் வேலையில் அந்த ஷெட்டில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்றெல்லாம் நான் கதை விடப்போவதில்லை. மற்றவர்கள் மாதிரி வேலை செய்தார், மற்றவர்கள் மாதிரி களைத்துப்போனார். வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போக வேண்டுமென்று மற்றவர்கள் மாதிரி சீக்கிரம் கிளம்பப் பார்த்தார்.

ஒரு நாள் அவர் மிஷின் பக்கம் ஒயர் பார்க்கப் போனேன். பின்னாலிருந்து தோளைத் தொட்டேன். மனிதர் துள்ளிவிட்டார். கையில் தோல், ஒரு சாண் தூரத்தில் கத்தி. தோலைக் கீழே போட்டுவிட்டு என் இரண்டு தோளையும் பிடித்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என்னை அப்படியே நடத்திக்கொண்டு போய், மிஷினுக்கு அந்தப் பக்கம், ஜன்னல் வெளிச்சத்தில், தன் எதிரில் நிறுத்தினார். இரண்டு விரலால் தன் கண்ணைக் காட்டினார். அப்புறம் நான் நின்ற இடத்தைக் காட்டினார்.

புரிவதற்குப் படிப்பா வேண்டும்? எதிரில் வா. கண்ணில் படு. அப்புறம் சொல்.

அவர் கேட்டது அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் எதிரில் போய் நின்றேன். என் வாயைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்வார். மீதியைக் கையால் பேசிக்கொள்வோம். எனக்கு ஒரு பெயரும் வைத்தார். விரல் நுனியால் எதையாவது தொட்டு, ஷாக் அடித்தது மாதிரி கையை உதறுவார். அது நான்.

மற்றவர்கள் எறிந்தார்கள். தோல் சீவல், வெட்டுத் துண்டு, வெற்றிலைக் காம்பு, கையில் கிடைத்ததை. வேலைக்குக் கூப்பிட ஒரு முறை எறிந்தால், வேடிக்கைக்குப் பத்து முறை எறிந்தார்கள். அவர் திரும்புவார். எல்லோரும் குனிந்து வேலை செய்வதுபோல் நடிப்பார்கள். சிரிப்பை அடக்கத் தெரியாதவன் மாட்டிக்கொள்வான். சூசையும் சில நாள் சேர்ந்து சிரிப்பார். பாவம், அதிலாவது சேர்த்துக்கொண்டார்களே என்று இருந்திருக்கும்.

3. ஒரு பல்பு

எழுபதுகளில் கரண்ட் கட் எப்படி இருந்தது என்று அப்போது ஃபாக்டரியில் இருந்தவர்களுக்குத் தெரியும். கரண்ட் போனால் மோட்டாரை ஆஃப் செய்து வைப்போம். ஆட்கள் ரோலரில் சிக்கிய ஈரச் சீவலைக் கையால் பிடுங்கிச் சுத்தம் செய்வார்கள். கரண்ட் திரும்பினால் ஸ்விட்ச் போர்டின் மேல் இருக்கும் பல்பு எரியும். துலுக்காணம் கதவோரம் தொங்கும் தண்டவாளத் துண்டை இரும்பால் அடிப்பார். எல்லோரும் கையை எடுத்துக்கொள்வார்கள். பிறகுதான் மோட்டாரைப் போடுவார்.

பல்பு சூசையின் முதுகுக்குப் பின்னால். தண்டவாளச் சத்தம் அவருக்கு இல்லை. அதனால் மேஸ்திரி ஒரு ஏற்பாடு செய்திருந்தார். மணி அடித்ததும் கன்னியப்பன் ஒரு துண்டை எறிய வேண்டும்.

இந்த ஏற்பாடு சூசைக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் என்னைக் கூட்டிப் போய்ப் போர்டு பல்பைக் காட்டினார். கையைத் தலைக்கு மேல் முஷ்டியாக வைத்து விரல்களை விரித்தார். பல்பு எரிகிறது. அப்புறம் தன் மிஷினுக்கு எதிரே இருக்கும் ஜன்னலைக் காட்டி அதே மாதிரி செய்தார். அதாவது இன்னொரு பல்பு, என் கண் முன்னால்.

அதே லைனிலிருந்து கொஞ்சம் ஒயர் இழுக்க வேண்டும், ஒரு ஹோல்டர், ஒரு பல்பு. அரை மணி வேலை. ஆனால் மானேஜர் கையெழுத்து இல்லாமல் ஸ்டோரில் ஒரு ஸ்க்ரூகூடத் தர மாட்டார்கள். எனக்கு முன்னால் இருந்த வயர்மேன் கேட்காமல் ஒயர் இழுத்ததற்காகத்தான் வீட்டுக்குப் போனார். மானேஜரிடம் போய்ச் சொன்னேன்.

“ஒரு ஆளுக்காகத் தனி லைட்டா? அதான் பக்கத்துல கன்னியப்பன் இருக்கானே, அவன் கூப்பிடுவான்.”

“துண்டை எறியறான் சார். அதை விளையாட்டுக்கும் எறியறாங்க. எது எதுக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

“தெரியும் தெரியும். அவங்களுக்கெல்லாம் ஒரு இன்ஸ்டிங்க்ட் உண்டு. நீ போய் வேலையப் பாரு.”

இரண்டாம் தடவையும் கேட்டேன். அதே பதில். சூசையிடம் கையை விரித்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தோலை எடுத்தார்.

4. கரண்ட் போன மதியம்

அன்று நான் சூசையின் மிஷினுக்கு மறு கோடியில் ஏணி மேல் இருந்தேன். அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்தது மட்டும்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு கரண்ட் போனது. வெயில், புழுக்கம், தோல் நாற்றம். ஆட்கள் ரோலரைச் சுத்தம் செய்வதும் நிறுத்துவதுமாக இருந்தார்கள். கன்னியப்பனும் இன்னும் இரண்டு பேரும் ஆரம்பித்தார்கள்.

“காதுல அடிச்சா ஒரு டீ. இன்னா சொல்றே?”

“காது எதுக்குடா அவனுக்கு, சும்மாதான கீது!”

எறிந்தார்கள். சூசை திரும்பினார், சிரித்தார். மறுபடி எறிந்தார்கள். மறுபடி திரும்பினார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து கன்னியப்பன் முன்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினார். போதும் என்றார். கண்ணைக் காட்டினார், எதிரே தரையைக் காட்டினார். எனக்குச் சொன்ன அதே பேச்சு.

“இன்னா நைனா, சாமி கும்பிடுறியா?” என்றான் கன்னியப்பன். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“டேய், விடுங்கடா அவரை” என்று ஏணியிலிருந்து கத்தினேன்.

“நீ ஏணிய பாத்துக்கோ வயர்மேன், வுயுந்துடப் போறே!”

சூசை போய் உட்கார்ந்து முதுகைக் காட்டிக்கொண்டார். ரோலருக்குள் கையை விட்டுச் சீவலைப் பிடுங்க ஆரம்பித்தார். அடுத்த துண்டு வந்து முதுகில் விழுந்தது. அவர் திரும்பவில்லை. இன்னொன்று. திரும்பவில்லை. இனிமேல் திரும்பப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். மானமுள்ள எவனும் அதைத்தான் செய்வான்.

அப்போது போர்டு பல்பு எரிந்தது.

துலுக்காணம் தண்டவாளத்தை அடித்தார். மூன்று பேர் கையை எடுத்தார்கள். கன்னியப்பன் துண்டை எறிந்தான். சூசையின் தோளில் சரியாக விழுந்தது. அவர் திரும்பவில்லை. இன்னொரு துண்டு. திரும்பவில்லை. “டேய் செவிடா!” என்று கத்தினான். காது கேட்காதவரைப் பார்த்துக் கத்தினான். அவனுக்கும் சூசைக்கும் நடுவே பத்தடி இருக்கும்.

மேஸ்திரி துண்டு விழுந்ததைப் பார்த்தார். அவர் கணக்கில் சொல்லியாகிவிட்டது. கை மோட்டார் ஸ்டார்ட்டருக்குப் போனது.

“மேஸ்திரி, இரு!” என்றேன். ஷாஃப்ட் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

வலது கை. மணிக்கட்டுக்குக் கீழே எல்லாம் நசுங்கிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், கையை எடுத்துவிட வேண்டும் என்று வராந்தாவில் நின்ற அவர் மனைவி ரீத்தாவிடம் சொன்னார். உள்ளே போய் நான் அவரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அந்தப் பெண் கெஞ்சியிருக்கிறாள். விடவில்லை. சூசைக்கு விழிப்பு வந்தபோது கை இல்லை. அவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

5. விசாரணை

காயம் ஆறியதும் மானேஜர் ரூமில் விசாரணை வைத்தார்கள். மேஸ்திரியையும் என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஃபாக்டரி மேல் தவறு என்று ஆனால் சூசைக்குத் தோல் தரம் பிரிக்கிற மேஜையில் உட்கார்ந்த வேலை கிடைக்கும். அது ஒரு கையால் செய்யக்கூடிய வேலை. அவர் மேல் தவறு என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதை ரீத்தா அவருக்குச் சொல்லித்தான் கூட்டி வந்திருந்தாள். சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

மானேஜர் ஃபைலைப் பார்த்தபடி ரீத்தாவிடம் கேட்டார்: “ஏம்மா, உன் புருஷன் கேர்ஃபுல்லா இருந்திருக்க வேணாமா? கன்னியப்பன் கூப்பிட்டிருக்கான். ஏன் திரும்பலன்னு அவனக் கேட்டுச் சொல்லு.”

“அவராண்டயே கேளு சார். உன் எதிர்லதான குந்திகினு கீறாரு.”

“நான் கேட்டா அவனுக்கு எப்படிம்மா புரியும்?”

“மூஞ்சப் பாத்து மெதுவா கேளு. பாதி வாயப் பாத்தே தெரிஞ்சிக்குவாரு. மீதிய நான் கையால சொல்றேன்.”

மானேஜர் பெருமூச்சு விட்டார். தலை நிமிரவில்லை. ரீத்தாதான் கேள்வியைக் கையால் சொன்னாள். ஏன் திரும்பவில்லை?

சூசை எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது இடது கையில் ஒரு பிடி தோல் துண்டு. மேஜை மேல் வைத்தார். ஒன்றை எடுத்து மானேஜரின் மார்பில் எறிந்தார். வெள்ளைச் சட்டையில் ஈரம் பதிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கன்னியப்பன் மாதிரி சிரித்துக் காட்டினார். இன்னொன்றை எறிந்தார், சிரித்தார். இன்னொன்று. அப்புறம் நிறுத்தினார். முஷ்டியால் காற்றில் தண்டவாளத்தை அடித்துக் காட்டினார். கடைசித் துண்டை எடுத்து அதே மாதிரி, அதே இடத்தில் எறிந்தார். இருக்கிற கையை விரித்து, இப்போது சொல் என்பதுபோல் மானேஜர் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.

இதைவிடத் தெளிவாக நான் ஒரு பதிலைக் கேட்டதில்லை.

மானேஜர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “ராஸ்கல்! என்னையே அடிக்கிறானா? வெளிய தள்ளுங்க இவன!”

“சார், அவர் பதில் சொல்றார். நீங்க கேட்டதுக்குத்தான் பதில்.”

“நீ வயர்மேன். வயரப் பாரு.”

“மேஸ்திரி, நீயாவது சொல்லு” என்றேன். துலுக்காணம் தரையைப் பார்த்தார். “எனுக்கு இன்னாபா தெரியும்? பெல் அட்ச்சேன். அவ்ளோதான்.”

ரீத்தா அழவில்லை. “நாலு துண்டு மேல பட்டதுக்கே உனுக்கு இம்மாங் கோவம் வருதே சார். அவுரு மேல இத்தினி வருசமா பட்டுகினு கீது” என்றாள்.

“வெளிய போம்மா.”

கவனக்குறைவு என்று எழுதினார்கள். மேலதிகாரியை அடித்தார் என்றும் சேர்த்து எழுதினார்கள். தரம் பிரிக்கிற மேஜை வேலை போயிற்று.

6. பிறகு

ஒரு வாரத்தில் மானேஜரே கூப்பிட்டு ஜன்னலில் பல்பு போடச் சொன்னார். போட்டேன். அரை மணிதான் ஆயிற்று. அந்த மிஷினுக்கு வந்த புது ஆளுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். அவன் பல்பைப் பார்த்ததே இல்லை.

கன்னியப்பன் வேறு ஷெட்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். என்னை எங்கே பார்த்தாலும் நிறுத்திச் சொல்வான்: “நான் போட்டேன் வயர்மேன். கரீட்டா தோள்லதான் வுயுந்துச்சு.” பத்தடி நடந்து எதிரில் போய் நின்றிருக்கலாமே என்று ஒரு தடவை கேட்டேன். அடுத்த மாதம் மறுபடி வந்து அதையே சொன்னான்.

இப்போது வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். காது கேட்காதவர் உன் ஷெட்டில் இருந்தால் எதிரில் போய் நில். கேட்க வேண்டியதை அவரிடமே கேள், கூட வந்தவரிடம் கேட்காதே. பதில் வரும்வரை நில். அது கையால் வரும், வேறு எதனாலோ வரும், நேரமாகும். உனக்கு நேரமில்லை என்றால் கேட்காதே. இரக்கமெல்லாம் யாருக்கும் வேண்டாம்.

சூசையைப் பிறகு ஒரு முறைதான் பார்த்தேன். ரீத்தாவின் ஊர் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம். அங்கே போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு நாள் வேலை முடிந்து பல்லாவரத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறினால், கூட்டத்துக்கு நடுவே ஜன்னலோரம் அவர். திட்டு வாங்கிக்கொண்டே இடித்துப் புகுந்து அவர் எதிரில் போய் நின்றேன்.

பார்த்தார். இடது கை விரலால் ஜன்னல் கம்பியைத் தொட்டு உதறினார். என் பெயர்.

பிறகு அதே கையைத் தலைக்கு மேல் வைத்து விரல்களை விரித்தார். ஜன்னலைக் காட்டினார். புருவத்தை உயர்த்தினார். பல்பு போட்டார்களா?

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று தலையாட்டினேன்.

விரித்த கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நான் எதிரிலேயே நின்றேன். குரோம்பேட்டை போயிற்று, சானடோரியம் போயிற்று. தாம்பரத்தில் நான் இறங்கும்வரை அவர் திரும்பவில்லை.