ஒரு வரி குறைந்த உரிமச் சீட்டு

"படிவத்தில் எந்த இடத்தையும் நிரப்பாமல் விடக் கூடாது; பொருந்தாத இடத்தைக் கோடிட்டு அடிக்க வேண்டும்." தென்காசியில் நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்தின் விதி இது. அறுபதுகளின் தொடக்கத்தில் குற்றாலத்துச் சீசன் கடைகளுக்கு நாங்கள்தான் உரிமம் கொடுத்தோம். பெண்களுக்கான சீட்டில், சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் படியெடுத்த வாசகம் "........ என்பவரின் மனைவியான, ........ ஊரைச் சேர்ந்த ........ என்பவருக்கு" என்று ஓடும். ஆண்களின் சீட்டில் மனைவி பெயரை யாரும் கேட்கவில்லை.

குத்துக்கல்வலசையிலிருந்து வந்த இட்லிக்கடை அம்மாள் திருமணம் செய்துகொள்ளாதவர். நாற்பது வயதிருக்கும். ஐந்தருவிப் பாதையில் போடும் இரண்டு மாதக் கடையை நம்பித்தான் அவருக்கு ஆண்டின் மற்ற மாதங்கள். முதல் இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். விதியின் முன்பாதியைக் காட்டி மனுவைத் திருப்பினேன். மறுமுறை, பின்பாதியின்படி நானே கோடு போட்டுச் சீட்டைக் கொடுத்தேன். அருவிக்கரை ஆய்வாளர் அதைப் படித்தார். கோட்டுக்குப் பின்னால் "என்பவரின் மனைவியான" அப்படியே நின்றது. பெயரை மறைத்திருக்கிறாய், கணவனை அழைத்து வந்து கையெழுத்துப் போடச் சொல் என்று அடுப்பை அணைக்க வைத்துவிட்டார். சாரல் தொடங்கி நான்கு நாளாகியிருந்தது.

அம்மாள் நேராக என் மேசைக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

"உங்க தாளுக்காக இனிமே ஒருத்தனைத் தேடிப் பிடிக்கணுமா ஐயா? சீசன் முடிஞ்ச பெறவு அவனை எந்த ஆபீசுல திருப்பிக் கொடுக்க?"

அலுவலகமே சிரித்தது. விதியை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றியிருந்த நான் மட்டும் சிரிக்கவில்லை.

தட்டச்சர் எழுந்து வந்து சீட்டை வாங்கிப் பார்த்தார். "பேரை மட்டும் அடிச்சா எப்படி வே? மிச்ச வார்த்தையெல்லாம் யாரைப் பிடிச்சுத் தொங்கும்?" என்று என்னைக் கேட்டார்.

அன்று பிற்பகலே படியெடுக்கும் மெழுகுத்தாளில் புதிய ஸ்டென்சில் வெட்டினார். கணவர் பெயருக்கான இடமும் அதை ஒட்டிய சொற்களும் சேர்ந்து தனி வரியாயின. பெயர் இருந்தால் வரி நிற்கும். இல்லாவிட்டால் வரி முழுவதும் அடிபடும். முதல் படியை எடுத்து ஒருமுறை முழுவதும் படித்தார். பிறகு அந்த வரியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு மீண்டும் படித்தார். இரண்டு முறையும் வாக்கியம் இடறவில்லை. இன்று கணினி அச்சடித்து அனுப்பும் கடிதங்களில் "அன்புள்ள" என்பதற்கும் காற்புள்ளிக்கும் நடுவே யாருமே இல்லாததைப் பார்க்கும்போது, இதை அமைத்தவர் ஒருமுறை உள்ளங்கையை வைத்துப் பார்த்திருக்கலாமே என்று நினைப்பேன்.

படிவத்தை மாற்ற மேலிடத்து ஒப்புதல் வேண்டும். அது சீசனுக்குள் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவசரத்துக்கு "ஒப்புதலை எதிர்நோக்கி" மாற்றுப் படிவம் வழங்கலாம் என்று இன்னொரு விதி இருந்தது. யாரும் புரட்டாத பக்கம். அதைக் காட்டிக் குறிப்பு எழுதினேன்; அதிகாரி மறுக்க வழியில்லாமல் கையெழுத்திட்டார். நான் மனப்பாடம் செய்திருந்த விதிகள் ஒரு மனிதருக்குப் பயன்பட்டது அதுவே முதல்முறை.

மறுநாள் புதிய சீட்டோடு தட்டச்சரும் நானும் அம்மாளுக்குத் துணையாக அருவிக்கரைக்குப் போனோம். ஆய்வாளர் சீட்டை இரண்டு முறை படித்தார். கேட்க ஒரு கேள்வியும் கிடைக்காமல் திருப்பிக் கொடுத்தார். சற்று நேரத்தில் இட்லிப் பானையில் ஆவி கிளம்பியது. "நான் யாருக்கும் பெண்டாட்டி இல்லைன்னு இப்பம் சர்க்காரே ஒத்துக்கிட்டு" என்று காத்திருந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தார் அம்மாள்.

அந்தச் சீசன் முழுவதும் கடை ஓடியது. மறு ஆண்டும் ஓடியது. படிவத்தை மாற்றிக்கொள்ளலாம் என்ற மேலிடத்துப் பதில் அதற்கும் அடுத்த ஆண்டு, அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லாத பங்குனி பதினேழாம் தேதி வந்து சேர்ந்தது.