சட்டக் கல்லூரிக்கு நான் விண்ணப்பிக்காத ஆண்டு

இரணைமடுக் குளத்தின் கீழ் எங்கள் தகப்பனாருக்குக் கிடைத்தது குடியேற்றக் காணி. அரசாங்கம் அளித்த அத்தகைய காணியைத் துண்டாட இயலாது. தகப்பனுக்குப் பின் பிள்ளைகளுள் ஒருவருக்கே அது சேரும். அந்த ஒருவரைத் தகப்பன் தம் வாழ்நாளிலேயே பின்னுரித்தாளியாகப் பதிவு செய்வது நடைமுறை. அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் முறை வந்தபோது, யாழ்ப்பாணத்துக் கல்லூரி விடுதியை விட்டு நான் வீடு திரும்பிச் சில வாரங்களே ஆகியிருந்தன.

கல்லூரி விவாத மேடையில் எனக்கு நிகரானவர் இல்லையென்ற பெயர் உண்டு. நான் சட்டம் படிப்பேன் என்பதில் அயலில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை. பரீட்சை முடிவோ வேறு கதை சொல்லிற்று. எல்லாப் பாடங்களிலும் சாதாரண சித்தி, வெறும் தேர்ச்சி மட்டுமே. கொழும்புச் சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சையில் கெட்டிக்காரரே தடுமாறுவர் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

ஐயாவும் தம்பியும் மண்வெட்டியால் வாய்க்கால் துப்புரவாக்கிக் கொண்டிருந்தார்கள். நான் செருப்போடு வரம்பில் நின்றேன்.

"வெள்ளிக்கிழமை காணிக் கந்தோர் ஆக்கள் வருகினம்," என்றார் ஐயா. "சின்னவன்ர பேரைக் குடுக்கப்போறன். நீ கொழும்புக்கு எழுதிப்போடு."

"என்ர பாஸ் காணாது, ஐயா."

"காணுமோ காணாதோ எண்டு அவங்களெல்லோ சொல்லோணும். நீ ஏன் முந்திச் சொல்லுறாய்?"

தம்பி நிமிர்ந்து சிரித்தான். "எழுதுங்கோ அண்ணை. நீங்கள் அப்புக்காத்தா வந்தால் என்ர தண்ணி வழக்கெல்லாம் சும்மா பேசலாம். இங்க நிண்டியளெண்டால் மம்பெட்டிதான் பாவம்."

ஐயாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விண்ணப்பித்து, இடம் கிடையாமற் போனால்? காணி தம்பியினது, அவன் வீட்டில் உண்டிருக்கும் தமையன் நான். குடியேற்றத்திலுள்ளோர் யாவரும் ஓரூரார். கொழும்பு வேண்டாமென்று தள்ளிய செய்தி, பிறந்த ஊர்வரை போய்விடும். விண்ணப்பிக்காதவனையோ எவரும் தள்ள முடியாது.

வெள்ளிக்கிழமை பாடசாலைக் கொட்டிலில் அயலார் கூடியிருந்தனர். காணி அலுவலக உத்தியோகத்தர் பின்னுரித்தாளியின் பெயரைக் கேட்டார். ஐயா வாய் திறக்குமுன் நான் முன்னே வந்தேன்.

"மூத்தவன் நான் இருக்கிறன்."

உத்தியோகத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்ச பிள்ளை கமத்துக்கு நிக்கிறீரோ? நல்ல காரியம்."

"தேப்பனுக்காகப் படிப்பை விட்டிட்டான் பார்," என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னது தெளிவாகக் கேட்டது. ஊர் அப்படிச் சொல்லுமென்றே நான் கணக்கிட்டிருந்தேன். தலைப்பிள்ளை உரிமை கேட்டு நிற்கையில், சபையில் வைத்து அதை மறுப்பது எங்களிடையே வழக்கமில்லை. ஐயா என் பெயரைச் சொன்னார். வீட்டுக்கு எங்களை விட்டு முன்னே தனியே நடந்தார்.

தம்பிதான் பேசினான். சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னருகே நடந்தவன், "அப்ப நான் வேற இடம் பாக்கிறன், அண்ணை," என்றான். குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும். அவன் நெடுங்கேணிக்குப் போய்ப் பிறர் வயலை வாரத்துக்குச் செய்தான். விளைச்சலில் பாதி காணிக்காரனுக்கு. நான் ஆசிரியனானேன். ஐயா காலமானபின் காணியைக் குத்தகைக்குக் கொடுத்தேன்.

சில ஆண்டுகள் கழித்து, வவுனியா நீதிமன்ற வாசலில் என் வகுப்புத் தோழர் ஒருவரைக் கண்டேன். பரீட்சைப் பெறுபேற்றில் எனக்கும் கீழே நின்றவர். இப்போது வழக்கறிஞராகி, பிரக்கிராசியாருக்குரிய கறுப்புக் கோட்டு அணிந்திருந்தார்.

"நீர் வருவீரெண்டு நாங்கள் எல்லாரும் பாத்திருந்தனாங்கள். ஏன் வரேல்லை?"

"குடும்பக் கடமை," என்றேன். அவ்விடை எனக்குப் பழகியிருந்தது.

"எனக்கு முதல்தரம் எழுதேக்க இடம் கிடைக்கேல்லை, தெரியுமோ? ஊரே சிரிச்சுது. அம்மா கோயிலுக்குக்கூடப் போகேல்லை."

"பிறகு?"

"பிறகென்ன? ரெண்டு மாதத்தில ஊருக்கு வேற கதை கிடைச்சிட்டுது. நான் திரும்பவும் எழுதினன்."

இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்துக்கு அஞ்சியே நான் தம்பியின் வயலில் என் பெயரை எழுதுவித்தேன். தேநீர் அருந்த வருமாறு அவர் அழைத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி விடைபெற்றேன். பஸ் வர இன்னும் வெகுநேரம் இருந்தது.