பச்சையாக இருந்த பெயர்

என் டேப்லெட் திரையில் நெட்டுக்குப்பம் முழுக்கப் பச்சையாக இருந்த காலம் ஒன்று உண்டு. அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வரும்.

வீடு வீடாகப் போய் சர்க்கரை, பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்து, அளவை டேப்லெட்டில் ஏற்றுவது என் வேலை. அளவு கட்டுக்குள் இருந்தால் பெயர் பச்சை. அளவு ஏறினாலோ, இரண்டு மாதம் ஆளைப் பார்க்காமல் விட்டாலோ சிவப்பு. சிவப்புப் பெயர்களைத்தான் டாக்டர் கூப்பிட்டுப் பார்ப்பார். எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்பது பெரிதல்ல, எத்தனை பேருக்கு உடம்பு தேறியது என்பதுதான் பெரிது என்று பயிற்சியில் சொன்னார்கள். நல்ல யோசனைதான். அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. குறை என்னிடம் இருந்தது.

முகத்துவாரத்தை ஒட்டிய தெருவில் ஒரு அண்ணன். மீன் பிடிப்பவர், ஐம்பதைத் தாண்டியவர். மருத்துவ முகாமில் பார்த்தபோதே சர்க்கரை எக்கச்சக்கம். அங்கேயே மாத்திரை ஆரம்பித்தார்கள்; நிறம் அதற்குப் பிறகு நான் எடுக்கும் அளவுக்குத்தான். நான் போகும் நேரத்தில் அவர் கடலில் இருப்பார். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுவேன், வாசலில் கூடை கழுவிக்கொண்டிருப்பார். இரண்டாவது மாதமும் ஆள் இல்லை என்றதும், பெயர் சிவப்பாகிவிடும், அண்ணன் ஆஸ்பத்திரிக்கே வர வேண்டியிருக்கும் என்றேன்.

"தொழில வுட்டுட்டு ஆஸ்பத்திரில போயி குந்துமா அது? மாத்திரைய நிறுத்திட்டீங்கன்னா நான் இன்னாம்மா பண்ணுவேன்?" என்ற அக்கா, ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு விரலை நீட்டினார். "என் கைல குத்திக்கோ. ரெண்டு பேரும் ஒரே சட்டிலதான் துன்றோம்."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே குத்தினேன். அக்காவுக்குச் சர்க்கரையே கிடையாது. அண்ணன் பெயர் பளிச்சென்று பச்சையானது.

கடலுக்குப் போனவருக்காக வீட்டுப் பெண்கள் கையெழுத்துப் போடுவதும், ரேஷன் கடையில் கைரேகை வைப்பதும் குப்பத்தில் சாதாரணம். இதையும் நாங்கள் அந்த வரிசையில் சேர்த்துவிட்டோம். போகப் போக, நான் செருப்பைக் கழற்றும்போதே விரல் நீளும். ஆஸ்பத்திரியில் நடக்கும் மாதக் கூட்டத்தில் என் பகுதிக்குக் கைதட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் எழுந்து நின்றேன்.

மாத்திரை போட்டால் படகில் தலை சுற்றுகிறது என்று அண்ணன் டப்பாவைத் தொடுவதே இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஒரு நாள் படகைத் தள்ளும்போது மட்டி ஓடு அவர் பாதத்தைக் கிழித்திருக்கிறது. வலியே தெரியவில்லையாம். துணியைச் சுற்றிக்கொண்டு பத்து நாள் தொழிலுக்குப் போயிருக்கிறார். அக்கா பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனபோது, மருந்து கட்டுகிற இடத்தில் திரையைப் பார்த்தார்கள். சர்க்கரை கட்டுக்குள் என்றிருந்தது. கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுபடி போகும்போது பாதம் கறுத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று.

"ஒரு வருஷமா கன்ட்ரோல்ல இருந்தவருக்கு எப்படிம்மா இப்படி ஆச்சு?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அடுத்த மாதம் அந்த வாசலுக்குப் போகக் கால் வரவில்லை. போனேன். அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து படகுகள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாலதான்க்கா" என்றேன். அழுதுவிட்டேன்.

"விரல நீட்டுனது நாந்தானேம்மா" என்றார் அக்கா. பிறகு அண்ணனின் கையை எடுத்து என் கையில் வைத்தார். "இனிமே அது எங்கியும் போவாது. எப்ப வந்தாலும் வூட்லதான் கீது. குத்திக்கோ."

வலை இழுத்து இழுத்துக் காய்த்துப் போன விரல். ஊசி இறங்க இரண்டு முறை குத்த வேண்டியிருந்தது.