பின்னோக்கிப் பதினெட்டு அடி

லுகேரியாவின், எனக்கு லூஷாக்காவின், முகம் எந்தப் படத்திலும் தெரிந்ததில்லை. ஸ்டூடியோவில் உடைகள் துவைப்பவள். நடிகைகள் மறுக்கிற ஆபத்தான காட்சிகளில், பதினோரு வருடமாக அவர்கள் உடையைப் போட்டுக்கொண்டு நிற்பவளும் அவள்தான். மூன்று வருடம் நிலவியல் குழுக்களோடு சைபீரியாவில் அலைந்துவிட்டு நான் திரும்பியபோது, தன் பஞ்சுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலையில் என்னைச் சேர்த்துவிட்டாள்.

"ஊர்சுத்திக் கழுத, ஒரு இடத்துல நின்னு பழகு" என்றாள்.

அன்று ஏப்ரல் ஏழு. உறைந்த ஏரி இளக ஆரம்பித்திருந்தது. பனித்துளையிலிருந்து இளவரசி சொட்டு ஈரமில்லாமல் எழுந்து கரைக்கு நடந்து வர வேண்டும். எடுப்பது தலைகீழாக. லுகேரியா கரையைப் பார்த்தபடியே பின்னோக்கிப் பதினெட்டு அடி நடந்து துளைக்குள் விழுவாள். பிலிமைத் திருப்பி ஓட்டினால் மந்திரம். நடுவில் அவள் திரும்பிப் பார்த்தால் எல்லாம் போச்சு. முத்து தைத்த அங்கி ஒன்றுதான் இருந்தது; நனைந்தால் மறுபடி எடுக்க முடியாது.

துளைக்கடியில் வலை கட்டியிருந்தார்கள். அவளுக்கு இடப்பக்கம் ஊற்று. அங்கே பனி அப்பளம் போல, கீழே இழுப்பு. கரையில் நட்ட ஒரு ஃபிர் மரக் கொம்புதான் அவளுக்குக் குறி; அதை நேரெதிரே வைத்துக்கொண்டு பின்னால் போனால் துளை.

கேமரா ஓடுவதற்கு முன் உதவி டைரக்டர் வெனியமின் கையிலிருந்து திரைக்கதைத் தாள்கள் நழுவின. விழுந்த திரைக்கதைமேல் உட்காராமல் எடுத்தால் படம் படுத்துவிடும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. மனுஷர் தாள்கள் விழுந்த இடத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தார்.

"எந்திரிங்க, வெனியமின் அர்ஹீப்பொவிச்! குஞ்சு பொரிச்சாச்சா?" பனிமேல் குனிந்து செருப்பு நாடாவை முடிந்துகொண்டே லுகேரியா கத்தினாள்.

எல்லோரும் சிரித்தோம். அவர் எழுந்து, தனக்கடியில் சாய்ந்துகிடந்த கொம்பை அவசரமாகத் திரும்ப நட்டார். ஒரு முழம் தள்ளி, ஊற்றுப் பக்கமாக. நான் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

கேமரா ஓடியது. எட்டாவது அடியில்தான் தெரிந்தது: அவள் முதுகுக்குப் பின்னால் துளை இல்லை.

"கத்தாத" என்று டைரக்டர் என் தோளை அமுக்கினார். "பயந்து திரும்பிடுவா."

குரலைப் பிறகுதான் சேர்ப்பார்கள். கத்தினால் படத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் எந்தப் பக்கம் என்று சொல்வது? என் இடது, அவளுக்கு வலது.

"லூஷாக்கா, திரும்பாத! கொம்பு இடம் மாறிடுச்சு! உன் வலது கைப் பக்கமா வா!"

அவள் கண்கூட இமைக்கவில்லை. ஒன்பது. பத்து. இடது குதிகாலுக்கடியில் பனி நெரிந்தது.

"வலது, வலது! இன்னும்!"

பதினொன்றில் சாய்ந்து நகர்ந்தாள். பதினெட்டு வந்தது, துளை வரவில்லை. வெனியமின் தாள்களை நெஞ்சோடு கசக்கிக்கொண்டிருந்தார். பத்தொன்பதாவது அடியில் தண்ணீர் அவளை விழுங்கியது.

வலையோடு தூக்கினார்கள். உதடு நீலம்.

"திரும்பினேனா?"

"இல்லக்கா."

"அப்ப கோட்டக் குடுடி."

இலையுதிர்காலத்தில் படம் பார்த்தோம். பனியிலிருந்து எழுந்த இளவரசி, வழியில் எதையோ கேட்டவள்போல் ஒரு பக்கம் சாய்ந்து நடந்தாள். அரங்கமே மயங்கி மூச்சுவிட்டது. இருட்டில் லுகேரியா என் மணிக்கட்டை இறுக்கினாள். இளவரசி கரை சேரும்வரை விடவில்லை.